முக்கூடலில் நிறைந்திருக்கிறது

உ
கோமதி அம்மன் துணை

பத்தமடை
ஐப்பசி 12 (அக்டோபர் 29)

தம்பி நாயகத்துக்கு, அக்கா வேணி எழுதுவது.

நானும் அத்தானும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் பார்த்து நீ திகைப்பாய். இனி உன்னோடு வாயால் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அம்மன் சன்னதியில் நான் சொன்னது சொன்னதுதான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்சப்பில் எழுதேன் என்கிறார்கள் அத்தான். அதுவும் பேச்சுதான். நீலக் கோடு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. தபால் என்றால் போட்டதோடு மறந்துவிடலாம்.

அப்பாவின் முதல் வருஷத் திதியன்று பாபநாசம் படித்துறையில் ஐயர் எள்ளும் தண்ணீருமாகக் காத்திருந்தார். பிள்ளை வருகிறான், பிள்ளை வருகிறான் என்று அவரிடம் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ போனில் சொன்னது ஒரே வாக்கியம். "ஏழு சர்வர் ஏத்திக்கிட்டிருக்கேன், பாதியில விட முடியாதுக்கா." கடைசியில் அத்தான்தான் எள்ளுத் தண்ணீர் விட்டார்கள். மருமகன் கைத் தண்ணீர் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான் யாரைக் கேட்பேன்? நீ ஏற்றிய சர்வரைக் கேட்கவா? பெற்றவருக்கு ஒரு கை தண்ணீர் விட வராதவன் ஊருக்கு என்ன செய்து கொடுத்தால் என்ன?

இதையெல்லாம் கொட்டாமல் காரியத்துக்கு வர முடியவில்லை. காரியம் அடுத்த பக்கத்தில்.

(பக்கம் 2)

பாபநாசத்திலிருந்து உவரிவரை ஏழு ஊரில் சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிற நம் அறக்கட்டளைக்கு உன் கம்பெனிதான் கம்ப்யூட்டர்ப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறது என்று மேனேஜர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழு ஊர் மருந்து இருப்பையும் நான் வீட்டில் இருந்து கணக்குப் பார்ப்பது உனக்குத் தெரியும். சம்பளமில்லை, கோயில் கைங்கரியம் மாதிரி. இனி அந்தக் கணக்கைப் பெட்டியே பார்க்குமாம். சந்தோஷம்.

ஆனால் அது பேசுகிற பேச்சு இருக்கிறதே. போன வாரம் பத்தமடை ஆஸ்பத்திரி நர்ஸ் சபீதா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "யக்கா, முக்கூடல் செத்துவிட்டது, கொல்லவா, ஆமா இல்லையான்னு கேக்குது. நான் எதை அமுக்க?" ஓடிப் போய்ப் பார்த்தால் முக்கூடல் பெட்டிக்குக் கரண்ட் இல்லை, அவ்வளவுதான். நோயாளி படுத்திருக்கிற இடத்தில் இப்படியா எழுதுவது? அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன். அப்படியானால் தமிழ்ச் சொல்லெல்லாம் நீயே எழுதிக் கொடு தாயி என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். மாற்றுகிற உரிமையும் என் பெயரில் போட்டிருக்கிறார்கள்.

உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக விவரம். பெட்டி நின்றுபோனால் "மலையேறியது", நம் வீட்டில் விளக்குக்குச் சொல்வது போல. மருந்து இருந்தால் "இருக்கிறது". குறைந்தால் "குறைகிறது". அறவே தீர்ந்துபோனால் "நிறைந்திருக்கிறது". அம்மா அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே "அரிசி நெறஞ்சிருக்கு, கடைக்குப் போயிட்டு வா" என்பாளே, அதேதான். மருந்து வைக்கிற இடத்தில் இல்லை என்ற சொல் வாசலில் நிற்கக் கூடாது. நர்ஸ்மார் எல்லாருக்கும் இது புரிகிறது. உன் ஆட்களுக்கும் சொல்லிவிடு.

வேணி


பெங்களூர்
நவம்பர் 4

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டேன். நீ சொல்வது தப்பென்று சொல்லவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போகத் தெம்பில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நான் பாதியில் விட்டிருந்தால் ஒரு கம்பெனியின் ஏழு சர்வரும் ஆளுக்கொரு பேச்சுப் பேசியிருக்கும். அதை உன்னிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நினைத்தேன். அது என் தப்பு.

நீ எங்கள் பெட்டிக்குச் சொற்கள் எழுதிக் கொடுத்திருப்பதாக அண்ணாச்சி சொன்னார். உன் பெயரைப் பார்த்ததும் வேலையை நானே கையில் எடுத்துக்கொண்டேன். என்ன செய்திருக்கிறோம் என்று உனக்கு எழுதுகிறேன்.

ஒரே சாஃப்ட்வேரை ஏழு ஊரில் ஏற்றி வைப்பதை நாங்கள் டெப்ளாய் என்போம். ஏழு இலைக்கும் ஒரே சாப்பாடு பரிமாறுகிற மாதிரி. எந்த இலைக்கு உப்பு, எந்த இலைக்குப் பாயசம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது கன்ஃபிகரேஷன். நம் பெட்டிகளில் பெரியவன் சின்னவன் கிடையாது. ஏழும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும். நாலு பெட்டி ஒன்றைச் சொன்னால் அதுதான் உண்மை. மீதி மூன்று வேறு மாதிரி சொன்னால் தப்பென்று எடுத்துக்கொண்டு திருத்திவிடும். ஒரு ஊரில் வெள்ளம் வந்து பெட்டி போனாலும் மற்ற ஊர்கள் அதன் கணக்கை நினைவில் வைத்திருக்கும். யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. அதுதான் அதன் அழகு.

அடுத்தது ஆம்புலன்ஸ். நடுராத்திரி பாம்புக்கடி என்று யாராவது கூப்பிட்டால் எந்த ஊரில் மருந்து இருக்கிறதென்று டிரைவர் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவர் போனே தமிழில் வாய்விட்டு வழி சொல்லும். உங்கள் ஊர்ப்பக்க நெட் லைனில் எண்களையெல்லாம் அனுப்பினால் திணறுகிறது. அதனால் ஊருக்கு ஒரு சொல் மட்டும் அனுப்புகிறோம், நீ எழுதிய சொல்லையே. கூட வேலை பார்க்கிற அர்ஷியாதான் அந்தப் பகுதியைச் செய்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். "உங்க அக்கா சொல்லெல்லாம் ரொம்ப மரியாதையா இருக்கு" என்றாள்.

வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லா வண்டிக்கும் இது வந்துவிடும்.

நாயகம்


உ
கோமதி அம்மன் துணை

பத்தமடை
ஐப்பசி 25 (நவம்பர் 11)

தம்பி நாயகத்துக்கு,

முதல் பக்கத்தோடு மடித்து வைத்தாயா. நல்லது. எனக்கும் மானம் ரோஷம் உண்டு. அந்தச் சொற்களுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் எழுதியிருந்தது இரண்டாம் பக்கத்தில். ஒரு தடவை எழுதியதை மறுபடி எழுதிக் கெஞ்ச மாட்டேன். வேண்டுமானால் எடுத்து வாசித்துக்கொள். வேண்டாமானால் உன் அர்ஷியா வாசிப்பதைக் கேட்டுக்கொள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறு கலங்கி ஓடுகிறது. கரையோரம் பாய் முடைகிற கோரை நன்றாக வளர்ந்து நிற்கிறது. வெள்ளத்தில் சாய்வதற்குள் வெட்டிவிட வேண்டுமென்று பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். மேட்டில் தண்ணீர் ஏறினால் பாம்பும் கோரைக்குள்தான் வந்து ஒதுங்கும். வருஷா வருஷம் இந்த மாதத்தில் இரண்டு மூன்று கடி. அண்ணாச்சி ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள், இனி ஏழு ஊர் மருந்தும் ஒரு கைக்குள் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்வதற்கில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற சுஹைல் தெரியும்தானே, ரசீத் மாமா பேரன். நாய் கடித்த ஒரு கொத்தனாரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். போன் சொன்ன ஊருக்குப் போனால் நாய்க்கடி ஊசி தீர்ந்திருந்ததாம். அதற்கு முந்தின ஊரிலேயே இருந்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் போயிருக்கிறான். கொத்தனாரும் அவனும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்திருக்கிறார்கள். "மிஷினுக்கும் வயசாவுது போல யக்கா" என்றான்.

அடுத்த தடவை அவன் தன் புத்திப்படி வேறு ஊருக்கு வண்டியை விட்டான். அண்ணாச்சி கூப்பிட்டுச் சத்தம் போட்டுவிட்டார்கள். "ஏலே, இவ்வளவு செலவழிச்சு மிஷின் வச்சது எதுக்கு? போன் சொல்லுத எடத்துக்குப் போ. உன் மூளையை வீட்டுல வச்சிட்டு வா." அவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

நாய்க்கடிக்கு நாளைக்கு ஊசி போட்டாலும் பாதகமில்லை என்று சபீதா சொல்கிறாள். எல்லாக் கடிக்கும் அப்படி அல்லவே.

வேணி


பெங்களூர்
நவம்பர் 17

அக்காவுக்கு,

நேற்று உனக்கு போன் போட்டேன். நீ எடுத்தாய். பேசவில்லை. மூச்சுச் சத்தமும், பின்னால் பூஜை மணியும் கேட்டது. நான் ஹலோ ஹலோ என்றேன். நீ வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. கடைசியில் நான்தான் வைத்தேன். இரண்டு நிமிஷப் பேச்சில் முடிவதற்கு இரண்டு வாரம் தபாலில் போகிறது அக்கா.

சுஹைல் விஷயத்தைப் பார்த்தேன். மழையில் லைன் இழுபடும்போது ஒரு பெட்டி பழைய கணக்கைச் சொல்லியிருக்கும். ஒரு பெட்டி தனியாக எதையும் மாற்ற முடியாதபடி கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கிவிட்டேன். இப்போது நாலு பெட்டி ஒரே சமயத்தில் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் மாறும். அண்ணாச்சி சொன்னது சரி. டிரைவர்கள் ஆளுக்கொரு வழியில் போனால் எங்களால் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. போன் சொல்கிறபடி போகச் சொல்.

மருந்து வாங்கி அனுப்புகிற வேலையையும் பெட்டியிடமே கொடுத்துவிட்டோம். தாராளமாக இருக்கிற ஊருக்கு அனுப்பாது. தட்டுப்பாடாக இருக்கிற ஊருக்கு மட்டும் மதுரைக்குச் சொல்லி வரவழைக்கும். உன் கையில் இருந்த அந்தப் பாரமும் இறங்கிவிட்டது. இனி நீ வாரா வாரம் ஏழு ஊருக்கும் போன் போட வேண்டாம்.

உன் இரண்டாம் பக்கம் வீடு மாற்றினபோது எந்தப் பெட்டிக்குள் போனதோ தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? நானும் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன்தானே.

நாயகம்


உ
கோமதி அம்மன் துணை

பத்தமடை
கார்த்திகை 10 (நவம்பர் 26)

நாயகம்,

கொரியரில் அனுப்புகிறேன். முழுவதும் வாசி. ஒரு பக்கத்தையும் மடித்து வைக்காதே.

சுஹைலின் மாமி கனியை முந்தாநாள் கோரை வெட்டும்போது பாம்பு கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே. கூட வெட்டினவர்கள் கரைக்குத் தூக்கி வந்தார்கள். சுஹைல்தான் வண்டியோடு வந்தான். போன் அவனிடம் வாய்விட்டுச் சொன்னது: "முக்கூடலில் நிறைந்திருக்கிறது. முக்கூடலுக்குச் செல்லவும்."

பத்தமடையில் மருந்து இருந்தது நாயகம். அன்று காலையில் குளிர்பெட்டியைத் திறந்து குப்பிகளை நானே எண்ணினேன். பெட்டியிலும் "இருக்கிறது" என்றுதான் போட்டிருந்தது. வண்டி சத்தம் கேட்டுச் சபீதா வாசலுக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டியிருக்கிறாள். சுஹைல் அவளைப் பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறான். போன் சொன்ன இடத்துக்குப் போ என்றுதானே அவனுக்குச் சொல்லி வைத்திருந்தது.

ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்ததால் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. முக்கூடல் போய் இறக்கினால் அங்கிருந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாளாம்.

"இங்கன ஏன்யா கொண்டாந்த? நெறஞ்சிருக்குன்னு போட்டிருக்கே, பாக்கலியா?"

"அதைக் கேட்டுட்டுத்தானே வந்தேன்!"

"கேட்டுட்டா வந்த?"

இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார்கள். கனி அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். "சண்டை போடாதீய, பைய தூக்குங்க" என்றாளாம்.

திரும்பப் பத்தமடைக்குக் கொண்டுவந்து, இருந்த குப்பியெல்லாம் ஏற்றி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். கண் திறக்கவில்லை. சிறுநீர் பிரியவில்லை என்கிறார்கள்.

சுஹைல் என் வீட்டு வாசல்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்றாலும் வரவில்லை. "எங்க வீட்டுலயும் அரிசி தீந்தா நெறஞ்சிருக்குன்னுதான் யக்கா சொல்லுவாக. எனக்குத் தெரியாதா? மிஷின் சொன்னதும் அதுக்கு வேற அர்த்தம் இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்றான்.  அந்தச் சொல்லைப் போட்டவள் நான்.

அதனால் இப்போது எழுதுகிறேன், ரோஷமெல்லாம் போய்விட்டது. நான் எழுதின "நிறைந்திருக்கிறது" என்றால் மருந்து ஒரு சொட்டும் கிடையாது. தீர்ந்துபோயிற்று. இல்லை. இல்லை. இல்லை. மூன்று தடவை எழுதிவிட்டேன். மருந்துக்கு இந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

இன்னொன்று. நேற்று சபீதாவின் பெட்டியில் நானே உட்கார்ந்து அந்தச் சொல்லை "இல்லை" என்று மாற்றினேன். முக்கூடலுக்கு நேரே "இல்லை" என்று வந்தது. காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடி "நிறைந்திருக்கிறது". மறுபடி மாற்றினேன். என் கண் முன்னாலேயே சொல் திரும்பி வந்து நின்றது. சபீதா "யா அல்லா" என்று பின்னால் நகர்ந்துவிட்டாள். யார் அதை மாற்றுவது? அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

வேணி


பெங்களூர்
நவம்பர் 29

அக்கா,

முழுவதும் வாசித்தேன். இரண்டு தடவை.

யாரும் மாற்றவில்லை. மற்ற பெட்டிகள்தான் மாற்றின. நீ ஒரு பெட்டியில் "இல்லை" என்றாய். மற்ற ஆறும் பழைய சொல்லைச் சொல்லின. உன் பெட்டி தப்பென்று முடிவுகட்டித் திருத்திவிட்டன. நான் அப்படித்தான் கட்டினேன். அதைத்தான் அழகு என்று உனக்கு எழுதினேன்.

அர்ஷியாவிடம் கேட்டேன். அவள் மூன்று சொல்லையும் அகராதியில் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறாள். நிறைந்திருக்கிறது முதலில், அடுத்து இருக்கிறது, கடைசியில் குறைகிறது. நிறைந்த ஊருக்கு வண்டியை அனுப்பு, இல்லாவிட்டால் அடுத்தது. என்னிடம் காட்டினாள். நான் பார்த்துச் சரி என்றேன். அம்மா பானையைத் தட்டுகிற சத்தம் அப்போது என் காதில் விழவில்லை. எல்லா ஊரிலும் மருந்து இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஊரில் தீர்ந்தவுடன் எல்லா வண்டியும் அங்கேதான் போகும்.

வண்டிகளுக்குப் போன் சொல்வதை அண்ணாச்சியிடம் பேசி நிறுத்திவிட்டேன். ஆனால் பெட்டிகள் இன்னும் பழைய சொல்லோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. வேறு வேலையும் அவற்றிடம் இருக்கிறது.  அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம். முதலில் சொல்லை மாற்றுவோம்.

இங்கிருந்து என் கைக்கு எட்டுவது மூன்று பெட்டிதான். மற்ற நாலு ஊருக்கும் வெளி லைன் மழையில் போய்விட்டது, ஆனால் ஏழும் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. மூன்று போதாது. நாலாவது நீ இருக்கிற பத்தமடைப் பெட்டி. நானும் நீயும் ஒரே மூச்சில் மாற்றினால்தான் நாலும் ஒரு பேச்சாகும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அவை நம்மைத் திருத்திவிடும். அந்தப் பெட்டியில் மாற்றுகிற உரிமை உன் விரல் ரேகைக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதையும் இங்கிருந்து மாற்ற முடியாது.

கடிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண முடியாது அக்கா. உன் சத்தியத்தை உடை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போனுக்குக் கூப்பிடுவேன். யாரை எடுக்கச் சொல்வாய் என்பது உன் இஷ்டம்.

நாயகம்


உ

பத்தமடை
கார்த்திகை 21 (டிசம்பர் 7)

தம்பி நாயகத்துக்கு,

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆற்றுக்குள் கோரை வெட்ட ஆள் இறங்கியிருக்கிறது. அவர்கள் கரையேறுகிறவரை இங்கிருந்து எழப்போவதில்லை.

பேசித்தான் ஆயிற்றே, இனி எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் வராதது கொஞ்சம் இருக்கிறது.

புதன்கிழமை சபீதாவிடம்தான் போனைக் கொடுத்திருந்தேன். நீ எண்ணுவதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்ல, நான் அமுக்குவதாக ஏற்பாடு. வாயைத் திறக்காமலே காரியம் முடித்துவிடலாம், அம்மனுக்கும் பாதகமில்லை என்று கணக்குப் போட்டேன். முதல் தடவை அவள் மூன்று சொல்லும் முன்னே நீ அமுக்கிவிட்டாய். சொல் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை அவளுக்கு இருமல். மறுபடி வந்தது. "யக்கா, என் நாக்கு நடுங்குது, என்னால முடியாது" என்று போனை மேஜையில் வைத்துவிட்டாள். உன் குரல் அதற்குள்ளிருந்து "சபீதா, சபீதா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எடுத்தேன். "நான்தாம்லே, எண்ணு" என்றேன். நீ உடனே எண்ணவில்லை. அந்த இடைவெளியில் நீ என்ன நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இருவரும் ஒரே மூச்சில் அமுக்கினோம், இந்தத் தடவை சொல் நின்றது. நான் ஒவ்வொரு ஊராக வாசித்தேன். பாபநாசம், இருக்கிறது. உவரி, இருக்கிறது. முக்கூடல், இல்லை. பத்தமடை, இல்லை. அப்புறம் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. மலையடியில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. நடுவில் ஒரு ஊரிலும் பாம்புக்கடி மருந்து கிடையாது. தீர்ந்த ஊரையெல்லாம் பெட்டி நிறைந்த ஊர் என்று எடுத்துக்கொண்டு ஒரு குப்பிகூட வரவழைக்கவில்லை. நீ எழுத வேண்டாம் என்று வைத்தது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கிற்று. வாரா வாரம் போன் போட்டுக்கொண்டிருந்த நானும், பாரம் இறங்கியது என்று நீ எழுதியதை நம்பி நிறுத்திவிட்டிருந்தேன்.

அன்று மாலை சுஹைல் வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்தான். "மாமி மவுத்தாயிட்டா யக்கா" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனும் பிடித்துக்கொண்டான். பிறகு விட்டுவிட்டு, வண்டியைக் கழுவ வேண்டும் என்று போய்விட்டான்.

மதுரையிலிருந்து மருந்து வர இன்னும் நாலு நாள் ஆகுமாம். எல்லா மாவட்டத்திலும் இப்போது கேட்கிறார்களாம். முன்னீர்ப்பள்ளம் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதால் பெரியாஸ்பத்திரிக்கும் வண்டி எப்போது போகும் எப்போது போகாது என்று சொல்வதற்கில்லை. இந்த நாலு நாளும் யாரும் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் போதும். அண்ணாச்சியிடம் மைக் கட்டிச் சொல்லுங்கள் என்றேன். போன மாதம்தான் பயப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தேன், இப்போது எந்த முகத்தோடு சொல்ல என்றார்கள். அதனால் இன்று காலை நானே ஆற்றங்கரைக்குப் போனேன்.

ஏழெட்டுப் பெண்கள் அரிவாளோடு நின்றார்கள். கனியோடு வெட்டினவர்களும் அதில் இருந்தார்கள். போனதும் சொன்னேன். "பாம்பு கடிச்சா இப்ப மருந்து இல்ல. நம்ம ஊர்ல இல்ல, சேரமாதேவியில இல்ல, முக்கூடல்லயும் இல்ல. நாலு நாள் பொறுத்து இறங்குங்க."

 பிறகு மூத்தவள் ஒருத்தி, சித்தி ஜனாபா என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"விடிஞ்சதும் விடியாததுமா தண்ணியில எறங்குதவள்ட்ட வந்து இல்லை இல்லைங்கீயளே, விளக்கு ஏத்துத மனுஷி பேசுத பேச்சா இது?"

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"நெசமா இருந்தா என்ன? வாயில எடுக்கலாமா? கனி போன வீட்டுல இன்னும் அடுப்பு மூட்டல, அதுக்குள்ள அடுத்தாளுக்கு வார்த்தை விடுதீய."

இன்னொருத்தி சமாதானத்துக்கு வந்தாள். "அக்கா பயந்து போயிருக்காக, விடு. யக்கா, ஆறு ஏறிட்டு வருது. நாலு நாள் விட்டா கோரை எங்க இருக்கும்? கடலுக்குத்தான் போவும்."

அப்படியெல்லாம் சொல்லியும் அவள் முகத்தில் என் மேல் ஒரு கசப்பு இருந்தது. கெட்ட சொல்லைக் கொண்டுவந்தவளைப் பார்க்கிற பார்வை. நான் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கினார்கள். கலங்கல் தண்ணீர். கால் வைக்கிற இடம் தெரியாது. கோரை அவர்கள் தோள் உயரத்துக்கு நின்றது. தலைகள் மட்டும் தெரிந்தன, பிறகு அதுவும் தெரியவில்லை, அரிவாள் சத்தம்தான் கேட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மழை தூறத் தொடங்கியது.

உள்ளேயிருந்து ஜனாபாவின் குரல் வந்தது. கோபம் போயிருந்தது.

"கரையில நிக்காதீய யக்கா. அங்கனதான் வழுக்கும்."

வேணி